அத்தையின் பெயர் இல்லாத குடும்ப அட்டை

2022 மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வாரிசுச் சான்றிதழுக்கான விண்ணப்பத்தோடு நான் வருவாய்த்துறை அலுவலகம் ஒன்றில் நின்றிருந்தேன். அப்பாயி, அதாவது என் அப்பாவின் அம்மா, இறந்து நாற்பது நாள் கூட ஆகியிருக்கவில்லை. காகிதங்களைப் புரட்டிப் பார்த்த எழுத்தர், "இவங்க வீட்டுக்காரர் எப்ப இறந்தார்? அவரோட இறப்புச் சான்று எங்கம்மா?" என்று கேட்டார். தாத்தா இறந்தது இலங்கையில், மஸ்கெலியாவை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில், நான் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு. எந்த ஆண்டு என்று எனக்குத் தெரியவில்லை. தாயும் தகப்பனும் இல்லாத என்னை வளர்த்து, படிக்க வைத்து, கோயம்புத்தூரில் ஒரு கணக்கர் வேலைக்கு அனுப்பி வைத்தவர், தம் கணவரை எந்த ஆண்டில் பறிகொடுத்தார் என்பதைக்கூட நான் ஒருநாளும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை என்பது அந்த மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

அன்று தொடங்கிய அலைச்சல் அக்டோபர் வரை, எட்டு மாதங்கள் நீடித்தது. வங்கியில் அப்பாயி விட்டுச் சென்றது 1,12,000 ரூபாய். அதைப் பெறுவதற்கு நான் செலவழித்தது, சம்பளம் இழந்த பதினோரு நாள்களையும் சேர்த்து, ஏறக்குறைய 31,000 ரூபாய். எந்தக் காகிதம் எதற்கு வேண்டும் என்று விளக்கிச் சொல்ல எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார் என்றால், அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே இதைப் படித்துவிடுங்கள்.

அப்பாயியின் பெயர் ராக்காயி. அவருடைய பெற்றோர் துறையூர்ப் பக்கத்திலிருந்து தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஒருவரின் பின்னால் கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கையின் மலைநாட்டுக்குப் போனவர்கள். கடவுச்சீட்டில் அவர் பிறந்த ஆண்டு 1935 என்று இருக்கும், அது தவறு. கொழும்பில் குண்டு விழுந்தபோது தமக்குப் பதினொரு வயது என்றும், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளக்காம்பராவுக்கு வெளியே தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றதாகவும் அவர் பல முறை சொல்லியிருக்கிறார். கொழும்பின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியது 1942 ஏப்ரல் 5. எனவே அவர் பிறந்தது 1931 ஆக இருக்க வேண்டும். யாரோ ஓர் அலுவலர் முகத்தைப் பார்த்து ஒரு வயதை எழுதிவிட்டதால், 58 வயதில் ஓய்வு பெற வேண்டியவர் நான்கு ஆண்டுகள் கூடுதலாகக் கொழுந்து பறித்தார். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு 2022 வரை தோன்றவில்லை. அவருக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். "எழுதுனவன் எழுதிட்டான், பறிக்கிறவ பறிச்சேன்" என்பார்.

இலங்கை விடுதலை பெற்ற 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், அவரைப் போன்ற பல இலட்சம் தோட்டத் தொழிலாளர்களை எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவராக்கியது. பிறகு 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. பாத்திரம் பண்டத்தைப் பாகம் பிரிக்கும்போது கூட நம் ஊரில் அதைவிடக் கூடுதலாகப் பேசுவார்கள். 1968 முதல் 1970 வரை விண்ணப்பங்கள் வாங்கியபோது அப்பாயி கைம்பெண்ணாக இருந்தார். கொழுந்தனார் சொன்ன பேச்சைக் கேட்டு இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அவருடைய மகள், அதாவது என் அத்தை, அதற்குள் கலியாணமாகி வேறு தோட்டத்திற்குப் போயிருந்தார். அந்த வீட்டார் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதியிருந்தார்கள். ஆகவே 1973 இல் ஹட்டன் நிலையத்தில் கோச்சி, அதாவது ரயில் ஏறியபோது அப்பாயியோடு இருந்தது பதினைந்து வயது மகன், என் அப்பா மட்டும். அத்தை கைக்குழந்தையோடு நடைமேடையில் நின்றார். தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம். அங்கிருந்து மண்டபம் முகாம். அங்கே கையில் ஒரு குடும்ப அட்டை. அதில் இரண்டு பெயர்கள் இருந்தன.

அரசுக் காகிதங்களில் இவர்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அப்பாயி அந்தத் தாயகத்தை நாற்பத்திரண்டு வயதில்தான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார். நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காக 1968 இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். காடு வெட்டிய சரிவுகளில் புதிதாகக் கன்று நடும் வேலை. "அங்க வெள்ளைக்காரன் வச்ச தேயிலையப் பறிச்சேன், இங்க நானே வச்ச தேயிலையப் பறிச்சேன்" என்று சொல்வதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. சுற்றியிருந்தவர்களுக்கு நாங்கள் 'சிலோன்காரங்க'. அந்தப் பெயர் என் பள்ளி நாள்கள் வரையிலும் எங்கள் பின்னால் வந்தது.

இனி என் தவறுகளுக்கு வருகிறேன். முதல் தவறு, இறப்பைப் பதிவு செய்த நாளிலேயே நடந்தது. வீட்டில் இறந்தவர்களின் இறப்பை 21 நாள்களுக்குள் பதிய வேண்டும் என்று சொன்னார்கள். நான் மூன்றாம் நாளே ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். ஆதாரில் 'ராக்கம்மாள்'. வங்கிப் புத்தகத்திலும் குடும்ப அட்டையிலும் 'ராக்காயி'. கடவுச்சீட்டில், இலங்கை வழக்கப்படி, தகப்பன் பெயரை முன்னால் சேர்த்து 'பழனியாண்டி ராக்காயி'. ஆதாரைப் பார்த்து எழுதிய சான்றிதழை வங்கி ஏற்கவில்லை. பதிவேட்டில் திருத்தம் செய்ய விண்ணப்பம், இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம், அதற்கு இரண்டு சாட்சிகள் என்று ஐந்து வாரங்கள் போயின. இறந்தவரின் பெயரை அரசிதழில் வெளியிட்டு மாற்றிக்கொள்ள வழியில்லை. உயிரோடு இருந்தபோது செய்திருந்தால் ஒரே விண்ணப்பத்தில் முடிந்திருக்கும். துக்க வீட்டில் இதையெல்லாம் நினைக்கத் தோன்றாதுதான். ஆனாலும் பதியப் போகும் முன் பணம் இருக்கும் இடத்தின் புத்தகத்தை எடுத்து, அதில் என்ன பெயர் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது தவறு என்னுடையது மட்டும் அல்ல, எங்கள் வீட்டினுடையது. வைப்புத்தொகைக்கு அப்பாயி நியமித்திருந்த நியமனதாரர் (நாமினி) என் அப்பா. அப்பா 2009 இல் இறந்தார். அதன் பிறகு பதிமூன்று ஆண்டுகள், ஆண்டுதோறும் நான்தான் அவரை வங்கிக்கு அழைத்துப் போய் அந்த வைப்பைப் புதுப்பித்தேன். நியமனத்தில் யார் பெயர் இருக்கிறது என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இறந்தவர் பெயரில் நியமனம் இருப்பதும் நியமனமே இல்லாததும் ஒன்றுதான். உயிரோடு இருக்கும் ஒருவர் பெயர் இருந்திருந்தால், வாரிசுச் சான்றிதழ் கேட்காமலே பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மாற்றுவதற்கு அப்போது டிஏ 3 என்று ஒரு படிவம் இருந்தது. நிரப்ப ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம் என்றும் ஆகியிருக்கிறது. இன்னொன்றையும் நான் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன். நியமனம் இல்லாவிட்டாலும், குறிப்பிட்ட ஒரு தொகைக்கு உட்பட்டால், பின்னால் சிக்கல் வந்தால் பொறுப்பேற்பதாக எழுதித்தரும் ஈட்டுறுதிப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு எளிய முறையில் கொடுக்கும் வரம்பு ஒன்றை ஒவ்வொரு வங்கியும் வைத்திருக்க வேண்டும். "உங்கள் வரம்பு எவ்வளவு?" என்று நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. முகப்பில் இருந்தவர் ஒரு பட்டியலை நீட்டினார், நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மலை ஏறி இறங்கினேன்.

மூன்றாவதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சட்டப்படி அப்பாயிக்கு வாரிசுகள் இருவர்: மகளான அத்தை, இறந்துபோன மகனின் மகளான நான். ஆனால் அத்தை இலங்கைப் பிரஜை. குடும்ப அட்டையில் பெயர் இல்லை. இந்த நாட்டின் எந்தக் காகிதத்திலும் அவர் அப்பாயியின் மகள் என்பதற்குச் சான்று இல்லை. அலுவலக வாசலில் அறிமுகமான ஒரு தரகர், "வெளிநாட்டுல இருக்கிறவங்கள எதுக்கும்மா எழுதணும்? ஒரே பேத்தின்னு போட்டா பத்து நாள்ல கையில வாங்கிடலாம்" என்றார். நான் 6,000 ரூபாய் கொடுத்தேன். ஒன்பது நாள்கள் எதுவும் பேசாமல் இருந்தேன். பத்தாம் நாள் இரவு அத்தை வாட்ஸப்பில் அழைத்தார். கருமாதிக்குப் படைத்த சேலை என்ன நிறம் என்று கேட்டார். பச்சை என்றேன். "கோச்சி ஏறுற அன்னைக்கும் அம்மா பச்சைதான் உடுத்திருந்துச்சு" என்றார். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. மறுநாள் தரகரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பணம் திரும்பவில்லை. உண்மையான வாரிசு ஒருவரை விட்டுவிட்டு வாங்கும் சான்றிதழ் பின்னாளில் வழக்காகக்கூடும் என்று பிறகு ஒரு வழக்கறிஞர் விளக்கினார். நான் நிறுத்தியது அந்தச் சட்டம் தெரிந்து அல்ல. ஒரு முறை எண்ணிக்கைக்காக விடுபட்ட பெயரை, இரண்டாம் முறை என் வசதிக்காக விடுவதற்கு இருந்தேனே என்ற நினைப்பு தூங்க விடவில்லை.

ஆகவே இலங்கையிலிருந்து இரண்டு காகிதங்கள் வேண்டியிருந்தன: தாத்தாவின் மரணச் சான்றிதழும், தம் பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பதாக அத்தை எழுதித்தரும் சத்தியக்கடதாசியும் (நம் ஊர்ப் பிரமாணப் பத்திரம்). அது 2022 ஏப்ரல். அங்கே பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலம். அத்தையின் பேரன் தனியார் வேலையில் இருந்தான். பேருந்து கிடைத்த நாள்களில் மட்டுமே அவனால் வெளியே போக முடிந்தது. மரணப் பதிவைத் தேட வேண்டுமென்றால் ஆண்டும் இடமும் தெரிய வேண்டும். அத்தை தம் வயதை வைத்து 1966 என்றார். அந்த ஆண்டின் பதிவேடுகளைத் தேடி, அப்படி ஒரு பதிவு இல்லை என்று பதில் வர ஆறு வாரங்கள் ஆயின.

கடைசி இரண்டு ஆண்டுகளில் அப்பாயி ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தார். "உங்க தாத்தா செத்தது தண்ணி ஏறுறதுக்கு ரெண்டு வருசம் முந்தி, ஆடிப்பூசைக்கு மறுநாள்" என்பார். "கோயில் எங்க அப்பாயி?" என்று கேட்டால், "தண்ணிக்குள்ள" என்பார். வயதாகி நினைவு தடுமாறுகிறது என்று நான் முடிவு கட்டியிருந்தேன். "சரி அப்பாயி" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிய நாள்களும் உண்டு. ஆறு வாரம் வீணானதற்குப் பிறகு ஒருநாள் இரவு, ஏதோ தோன்றிக் கைப்பேசியில் மஸ்கெலியா என்று தட்டிப் பார்த்தேன். வற்றிய ஏரியின் சேற்றுக்கு நடுவே நிற்கும் ஒரு கோயிலின் படம் வந்தது. மின்சாரத்துக்காக மவுசாகலை அணையைக் கட்டி 1969 இல் நீரைத் தேக்கியபோது, பழைய மஸ்கெலியா நகரமே, கோயிலும் பள்ளிவாசலும் விகாரையுமாக, நீருக்குள் போயிருக்கிறது. கடும் கோடையில் நீர் இறங்கும்போது அவை வெளியே தெரிகின்றன. அப்பாயி தேதியோடும் இடத்தோடும் சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். நான்தான் அதைப் பிதற்றல் என்று எடுத்துக்கொண்டேன். 1969 இல் இரண்டைக் கழித்தால் 1967. ஆடி என்றால் ஜூலை, ஆகஸ்டு. அந்த இரண்டு மாதங்களைக் குறிப்பிட்டு மீண்டும் விண்ணப்பித்தோம். பதிவு கிடைத்தது: பெரியசாமி, தோட்டத் தொழிலாளி, நிமோனியா.

பெரியவர்களிடம் ஆண்டைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது என்பதை இதில் தெரிந்துகொண்டேன். எது நடந்தபோது, எதற்கு முன், எந்தப் பண்டிகைக்கு அடுத்து என்று கேட்டால் சொல்வார்கள். ஆண்டை நாம் பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம். 'உங்கள் கதையைச் சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்டாலும் ஒன்றும் வராது. அப்பாயி, "என்னத்தச் சொல்ல, பொறந்தோம், பறிச்சோம்" என்று முடித்துவிடுவார். அவருடைய தகரப்பெட்டியைத் திறந்து அதிலிருந்த பழைய கம்பளியைக் கையில் கொடுத்தபோது மட்டும், விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டு, இடுப்பில் கட்டும் படங்குத் துணி, கொழுந்து குறைந்தால் விழும் அரைப்பேர் என்ற அரைநாள் சம்பளம், மழையில் அட்டைக்கடி, இரவில் சிவனொளிபாதமலைப் படிகளில் ஏறிப்போகும் விளக்கு வரிசை என்று நாற்பது நிமிடம் நிறுத்தாமல் பேசினார். அது 2019 தீபாவளி. கைப்பேசியில் பதிவு செய்தேன். அடுத்த ஆண்டு அந்தக் கைப்பேசி பழுதானது. வேறு எங்கும் படி எடுத்து வைத்திருக்கவில்லை. எட்டு மாத அலைச்சலில் இழந்த பணம் எனக்கு இப்போது நினைவில் கூட வருவதில்லை. அந்த நாற்பது நிமிடம் வாரத்துக்கு ஒருமுறையாவது வந்து நெஞ்சை அடைக்கிறது. பதிவு செய்தால் அன்றைக்கே இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள். அந்த ஒரு சோம்பலைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

சத்தியக்கடதாசியை அத்தை முதலில் உள்ளூர்ச் சமாதான நீதவான் ஒருவர் முன் எழுதி அனுப்பினார். இந்தியத் தூதரக அலுவலகத்தின் சான்றொப்பம் இல்லாமல் செல்லாது என்று வங்கி திருப்பிவிட்டது. இதையும் முன்பே கேட்டிருந்தால் ஒரு முறையோடு முடிந்திருக்கும். எழுபத்தொரு வயதில், ஜூன் மாதத்தில், இரண்டு பேருந்துகள் மாறி, அத்தை கண்டியில் உள்ள இந்திய உதவித் தூதரகத்துக்குப் போனார். அப்பாயிக்குக் கடவுச்சீட்டு கொடுத்ததும் கண்டி அலுவலகம்தான். "அம்மாவோட பாஸ்போட்டுக்கு நான்தான் கூட வந்தேன், அப்ப வெளியிலயே நிக்க வச்சிட்டாங்க, இன்னைக்கு உள்ள கூப்பிட்டு நாற்காலி போட்டாங்க" என்று அன்று மாலை சொன்னார். செலவுக்கு என்று நான் அனுப்பிய 5,000 ரூபாயை வேண்டாம் என்றார். பிறகு, விலைவாசி அப்படி இருந்ததால், வாங்கிக்கொண்டார். தாத்தாவின் சான்றிதழ் சிங்களத்தில் இருந்ததால் அங்கேயே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் ஆங்கிலத்தில் மாற்றி வாங்கச் சொன்னேன். அதைச் சென்னையில் செய்யலாம் என்று காத்திருந்தால் இன்னும் ஒரு மாதம் போயிருக்கும்.

செப்டம்பர் கடைசியில் வாரிசுச் சான்றிதழ் வந்தது. இரண்டு பெயர்கள். முதலில் அத்தை, உறவுமுறை 'மகள்'. படம் எடுத்து அனுப்பினேன். எழுத்து சிறிதாக இருக்கிறது என்று பேரனைப் பெரிதாக்கச் சொல்லி, தம் பெயரையும் அப்பாயி பெயரையும் தொட்டுத் தொட்டுக் காட்டச் சொன்னாராம். அக்டோபரில் பணம் என் கணக்கில் வந்தது. சட்டப்படி முழுவதும் எனக்கே. பாதியை எப்படி அனுப்புவது என்று கேட்டதற்கு அத்தை, "நீ வந்து என்னையப் பாத்துட்டுப் போ, டிக்கெட்டுக்கு வச்சுக்க" என்றார்.

போனேன். கோடையின் உச்சம், நீர் நன்றாக இறங்கியிருந்தது. அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காய்ந்து வெடித்த சேற்றில் முன்னால் நடந்தார். கோயிலின் கல்தூண்கள் நின்றன. இது கடைவீதி, இது பள்ளிவாசல், ஆடிப்பூசைக்குப் பந்தல் போடும் இடம் இது, மறுநாள் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனது இந்த வழியாகத்தான் என்று கைநீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் கைப்பேசியைப் பிடித்தபடி, "அத்தை, கொஞ்சம் மெதுவா, பந்தல் இடத்த இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.